வெண்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அப்பா, "கடைசிக் காலத்துல குழாயை மாட்டி என்னைக் கிடத்திராதீய" என்கிறார். வாய்வார்த்தை போதுமா, எழுதிவைக்கணுமா?

எழுதிவைப்பதுதான் நல்லது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. ஆனால் நீதித்துறை நடுவர் கையெழுத்தும் வேண்டும் என்றிருந்ததால் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் போனால் நோட்டரி கிடைப்பார்.

தனக்காக முடிவு சொல்லப்போவது யார் என்பதையும் அதில் எழுத வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருக்கலாம். நம்ம ஊரில் சிக்கலே அங்கேதான். கூடவே இருந்து பார்த்த மகள் ஒன்று சொல்வாள். துபாயிலிருந்து வந்து இறங்கிய மகன் "எவ்வளவு செலவானாலும் பாருங்க டாக்டர்" என்பான். சொந்தபந்தம் என்ன பேசுமோ என்ற பயம் வேறு. எழுதும் முன்பே எல்லாரையும் உட்காரவைத்து அப்பாவே சொல்லிவிடட்டும்.

தாளைக் காட்டியதும் மெஷினைக் கழற்றிவிட மாட்டார்கள். அப்பா தானே முடிவு சொல்ல முடியாத நிலையில், மீள வழியில்லை என்று ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழு சொல்லி, இரண்டாவது குழுவும் ஒத்துக்கொண்ட அப்புறம்தான். ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு, அது குற்றம். வலிக்கு மருந்து, படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவது எதுவும் நிற்காது.

மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். நகல் ஒன்றைக் குடும்ப டாக்டரிடம் கொடுத்துவையுங்கள். பீரோவில் பூட்டினால் ராத்திரி ஆம்புலன்ஸ் வரும்போது யார் கையிலும் அகப்படாது.