மதியம் வரை நமக்காத கார பிஸ்கட்

பிள்ளைகளின் டிஃபன் பாக்ஸுக்கு ஓவனில் சுடும் கார வகைகள் பற்றி வந்த கேள்விகள் இவை. கப் என்றால் 240 மி.லி. கப். வெண்ணெய் உப்பில்லாதது.

காரா பிஸ்கட் ஓவனிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது. மதியம் மகள் பெட்டியைத் திறந்தால் நமத்துப் போயிருக்கிறது. ஏன்? – வாசகி, ஈரோடு

பெரும்பாலும் ஆறும் முன்னே மூடியிருப்பீர்கள். கைக்குச் சூடு தெரியவில்லை என்றாலும் பிஸ்கட்டின் நடுவில் ஆவி இருக்கும். பெட்டியை மூடியதும் அது மூடியில் வேர்த்து, திரும்ப பிஸ்கட்டிலேயே இறங்கும். கம்பித் தட்டில் குறைந்தது 40 நிமிடம் ஆறவிடுங்கள். சமமான தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வேர்த்துவிடும்.

அடுத்த சந்தேகம் மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை மேல். கழுவிய ஈரத்தோடு நறுக்கிப் போட்டால் அவற்றைச் சுற்றி மாவு வேகாமல் நிற்கும். துணியில் பரப்பி, நன்றாக உலர்ந்த பிறகு பொடியாக நறுக்குங்கள். மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைக்கவே கூடாது.

அளவு: மைதா 1 கப் (சுமார் 125 கிராம்), வெண்ணெய் 60 கிராம், பொடித்த சர்க்கரை 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், பச்சை மிளகாய் 1, தழைகள் 2 டேபிள்ஸ்பூன், கெட்டித் தயிர் ஒன்றரை டேபிள்ஸ்பூன். கார பிஸ்கட்டுக்குச் சர்க்கரை எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பேக்கரி பிஸ்கட்டில் காரத்துக்குப் பின்னால் வரும் அந்த லேசான இனிப்பும் மேலே ஏறும் பொன்னிறமும் அதனால்தான்.

மாவில் வெண்ணெயை விரல் நுனியால் பிசிறி, புட்டு மாவு பதம் வந்ததும் மற்றவற்றையும் கடைசியில் தயிரையும் சேர்த்து, ஒன்றுதிரட்டினால் போதும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கல்லாகும். 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, 5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து வெட்டி, முன்பே சூடேற்றிய ஓவனில் 170 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் சுடுங்கள். ஆறிய பின் ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் மாவு நிறத்தில் ஈரக் கோடு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. 140 டிகிரியில் 6–8 நிமிடம் திரும்பச் சுட்டால் சரியாகிவிடும்.

மைதாவுக்குப் பதில் முழுக்கக் கோதுமை மாவு போட்டேன். செங்கல் போல வந்தது. – வாசகி, திருநெல்வேலி

கோதுமை மாவில் தவிடு இருப்பதால் அதிக ஈரம் இழுக்கும். மாவு சேரவில்லையே என்று தயிரை ஊற்றி, சேரும் வரை பிசைந்திருப்பீர்கள். அங்கேதான் இறுகிப் போகிறது. முதலில் பாதிக்குப் பாதி மாற்றிப் பாருங்கள். முழுக்கக் கோதுமைதான் வேண்டுமென்றால் வெண்ணெயை 75 கிராம் ஆக்கி, தயிரை 2 டேபிள்ஸ்பூனோடு நிறுத்தி, மூடி வைத்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். தவிடு ஊறியதும் மாவு தானாகச் சேரும். கேழ்வரகு மாவு பிடிமானம் இல்லாதது. ஒரு கப்பில் கால் கப்புக்கு மேல் போனால் பைக்குள்ளேயே உதிர்ந்து தூளாகும்.

உருளைக்கிழங்கு மசாலா பன்னுக்குள் பெரிய வெற்றிடம் விழுகிறது, அடிப்பாகம் சொதசொதவென்று இருக்கிறது. மதியத்துக்குள் கெட்டுப்போகுமோ என்ற பயமும் இருக்கிறது. – வாசகி, சென்னை

சூடான அல்லது தளர்வான மசாலாவை உள்ளே வைத்தால் அதன் ஆவி மேல் மாவைத் தூக்கிவிடும், நீர் அடியில் இறங்கும். வெங்காயத்தைக் குறைத்து, வாணலியில் ஒட்டாமல் உருண்டு வரும் வரை மசாலாவைச் சுருள வதக்கி, முழுக்க ஆறவைத்து உருட்டிக்கொள்ளுங்கள்.

மாவுக்கு: மைதா 2 கப், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், வெதுவெதுப்பான பால் 150 மி.லி., வெண்ணெய் 25 கிராம். இங்கே மட்டும் 10 நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். பாலில் விரலை வைத்தால் சுடக் கூடாது. சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். சென்னை வெயிலில் 45 நிமிடத்திலேயே மாவு இருமடங்காகலாம், ஊட்டியில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள். 180 டிகிரியில் 18–20 நிமிடம்.

உங்கள் பயம் நியாயமானதுதான். கோடையில் உருளைக்கிழங்கு, பனீர், தேங்காய் வைத்த பன்னை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். அதே மாவை நீளமாகத் தேய்த்து, நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடியைத் தடவி, பாய் போல் சுருட்டி, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிச் சுடுங்கள். ஈரமில்லாத பொருள் என்பதால் மதியம் வரை அசையாது. பிள்ளைகள் சுருளைப் பிரித்துப் பிரித்துத் தின்பது தனி விளையாட்டு!

ரவை-தயிர் கார மஃபினில் சிவப்புப் புள்ளிகள் வருகின்றன. பூஞ்சையா? – வாசகர், சேலம்

இல்லை. மஞ்சள்தூள் சமையல் சோடாவோடு சேர்ந்தால் சிவக்கும். சோடா கரையாமல் கட்டியாக நின்ற இடங்களே அந்தப் புள்ளிகள். 1 கப் ரவைக்கும் 1 கப் தயிருக்கும் கால் டீஸ்பூன் சோடா போதும். சலித்து, சுடப்போகும் நேரத்தில் கலக்குங்கள். கூடினால் சோப்பு வாடை வரும்.

முறுக்கை எண்ணெய் இல்லாமல் ஓவனில் சுடலாமா? – வாசகி, மதுரை

சுடலாம், ஆனால் முறுக்கு வராது. பொரியும்போது மாவின் நீர் வெளியேறிய இடத்தில் எண்ணெய் ஏறுவதால்தான் அது வாயில் கரைகிறது. ஓவனில் வெறுமனே காய்ந்து, பல்லுக்கு வேலை வைக்கும். முறுக்கு ஆசை என்றால் மாதம் ஒருமுறை பொரித்துக் கொடுங்கள். ஓவனுக்கு ஒத்துப்போவது தட்டைதான்: 1 கப் அரிசி மாவுக்கு 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. 2 மி.மீ. கனத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் குத்தி, இருபுறமும் எண்ணெய் தடவி, 170 டிகிரியில் ஒருமுறை திருப்பிப் போட்டு 20 நிமிடம்.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. குக்கரில் சுடலாமா? – வாசகி, தஞ்சாவூர்

தண்ணீரில்லாமல் குக்கரைக் காயவைத்தால் பாத்திரம் வீணாகும். பழைய கனமான இரும்புச் சட்டியில் ஒரு விரல் உயரம் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி 10 நிமிடம் காயவிடுங்கள். பிஸ்கட் தட்டை வளையத்தின் மேல் வைத்து, சிறு தீயில் 25 நிமிடம். மேல்புறம் சிவக்காது, கடைசி 5 நிமிடம் திருப்பிப் போடுங்கள். அந்த உப்பை ஒரு டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும், சமையலுக்கு ஆகாது.