மணிக்கு 40 கிலோ, செக்கனுக்கு 100 மெகாபிட்: அட்டையில் உள்ள எண்ணும் கைக்கு வரும் அளவும்

கேள்வி: வீட்டில் மிளகாய்த்தூள் தயாரித்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். ஓடர்கள் கூடிவிட்டதால், மணிக்கு 40 கிலோ அரைக்கும் என்று எழுதப்பட்ட இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். தூளைக் கொழும்புக்கு அனுப்பச் சிறிய லொறி ஒன்றை லீசிங்கில் எடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம். இதற்கிடையில், 100 மெகாபிட் இணைய இணைப்பு எடுத்தும் கேபிள் மூலம் இணைத்த கணினியில் தரவிறக்க வேகம் 11 அளவிலேயே நிற்கிறது. மேல்மாடியில் கைத்தொலைபேசிக்கு அதுவும் கிடைப்பதில்லை. 300 என்று எழுதிய ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?
வாசகி, சுன்னாகம்

பதில்: நீங்கள் கேட்டுள்ள மூன்றும் ஒரே விடயத்தையே தொடுகின்றன. ஒரு மணியிலோ ஒரு செக்கனிலோ ஒரு நாளிலோ உண்மையில் முடிந்து மறுபக்கத்தால் வெளியே வரும் அளவையே கணினித் துறையிலும் தொழிற்சாலையிலும் போக்குவரத்திலும் த்ரூபுட் என்கிறார்கள். விற்பவர் அட்டையில் அச்சிடுவது பெரும்பாலும் அந்த அளவை அல்ல, பொருளின் உச்சத் திறனை மட்டுமே.

இணையத்தில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. பக்கேஜ் மெகாபிட்டில் விற்கப்படுகிறது. கணினியோ தரவிறக்கத்தை மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் என்பது செக்கனுக்கு 12.5 மெகாபைட். தரவைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் முகவரி முதலிய விபரங்களைச் சேர்த்து அனுப்புவதால் அதிலும் ஒரு பங்கு கழிந்துவிடும் என்பதைக் கணக்கில் எடுத்தால், 11 நல்ல அளவே. மேல்மாடியில் வேகம் குறைவதற்குக் காரணம் வைஃபை. 300 என்பது மிகச் சாதகமான நிலையில் சாதனங்களுக்கிடையே அமையக்கூடிய வானொலி வேகம். அதை வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் பங்குபோட வேண்டும், சுண்ணாம்புக்கல் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் மேலும் குறைத்துவிடும். அத்துடன், 300 என்று எழுதிய மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் கேபிள் செருகும் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. ஆகவே இப்போதுள்ள ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றிப் பாருங்கள். அல்லது மேல்மாடிக்குக் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை கருவியைப் பொருத்துங்கள்.

இயந்திரத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். தூள், இயந்திரத்தில் மட்டும் உருவாவதில்லை: மிளகாயையும் மல்லியையும் மற்றச் சரக்குகளையும் வறுத்து, ஆறவைத்து, அரைத்து, அரித்து, நிறுத்துப் பொதி செய்ய வேண்டும். இவற்றில் எது மிக மெதுவாக நடக்கிறதோ அதுவே முழு வேலையின் அளவையும் தீர்மானிக்கும். உதாரணமாக, ஒரு தாச்சியில் மணிக்கு 10 கிலோ வறுபடுகிறது என்று வையுங்கள். 40 கிலோ இயந்திரம் மணிக்குக் கால்மணி நேரம் ஓடி, மிச்ச நேரம் சும்மா நிற்கும். அப்போது பணத்தை இரண்டாவது அடுப்பிலும் ஒரு கைத்துணையிலும் போடுவதே புத்திசாலித்தனம். எனவே இப்போது ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் செல்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

அரைப்பதுதான் தடை என்று தெரிந்தால், விற்பவரிடம் வெறும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் வறுத்த சரக்கையே 5 கிலோ கொண்டுபோய், உங்களுக்கு வேண்டிய நைஸான சல்லடையைப் போட்டு அரைப்பியுங்கள். முதல் பிடி உள்ளே போனதிலிருந்து கடைசித் தூள் தராசில் ஏறும்வரை நேரத்தைக் குறியுங்கள். சல்லடை நைஸாக நைஸாகவும், சரக்கில் ஈரம் கூடக் கூடவும் அளவு இறங்கும். மோட்டார் சூடாகி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு கேட்கிறது, உங்கள் வீட்டு சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுமா என்பவற்றையும் கேளுங்கள்.

லொறி இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. மணிக்கு 10 கிலோ என்ற அதே கணக்கில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 6 நாள் வேலை செய்தாலும் 480 கிலோதான் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர்; போய், இறக்கி, திரும்பி வர இரண்டு நாள் என்று வைத்தாலும், 1000 கிலோ ஏற்றும் லொறி கிழமைக்கு மூன்று தரம் போய்வந்து 3000 கிலோ கொண்டுசெல்லும். அதில் ஆறில் ஒரு பங்குகூட நிரப்ப உங்களிடம் சரக்கு இருக்காது, ஆனால் லீசிங் தவணை மாதாமாதம் வந்துகொண்டேயிருக்கும். கொழும்புக்கு ஏற்கெனவே ஓடும் லொறிகளில் வாடகை கொடுத்து அனுப்புவதே உங்களுக்குப் பொருந்தும்.

இயந்திரத்தை வாங்குவதாக முடிவெடுத்தால், பரீட்சித்துப் பார்த்த அளவைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். “மணிக்கு இத்தனை கிலோ, இன்ன சரக்கு, இன்ன சல்லடை” என்று இருந்தால் போதும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. சொன்னபடி இயந்திரம் ஓடாமல், கடைக்காரரும் கைவிரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். முறைப்பாட்டுடன் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணையுங்கள்.