பாராதைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பு: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு ரத்தத்தில் கால்சியம் கூடியதால்தான் பாராதைராய்டு சுரப்பியில் ஒன்றை எடுத்தார்கள். இப்போது கால்சியம் மாத்திரையே நிறையத் தருகிறார்கள். கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: இந்தப் பயத்தில்தான் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பாராதைராய்டு என்பது கழுத்தில் தைராய்டை ஒட்டி இருக்கும் சின்னச் சுரப்பி. அது அளவுக்கு மீறிச் சுரந்த பி.டி.எச். என்ற ஹார்மோன், அம்மாவின் எலும்பைக் கரைத்து ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது. சுரப்பியை எடுத்ததும் சில நிமிடங்களிலேயே அந்த ஹார்மோன் சரிந்துவிடும். அப்புறம் எலும்பு, இழந்ததையெல்லாம் ரத்தத்திலிருந்து திரும்ப இழுக்கும். வெடித்துக் கிடந்த வயலில் தண்ணீர் விட்டால் எப்படி உறிஞ்சுமோ, அப்படி. மருத்துவர்கள் இதைப் 'பசித்த எலும்பு' என்பார்கள். பெரும்பாலும் 2 முதல் 4 நாளில் ரத்தக் கால்சியம் ரொம்ப இறங்கும். எலும்பு ஏற்கெனவே அதிகம் கரைந்தவர்களுக்கும் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் இன்னும் கடுமையாக இருக்கும். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரமரப்பு வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கை இழுத்துக்கொண்டால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மாத்திரையை எப்போது குறைப்பது என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து அவர்கள் சொல்லட்டும்.

கேள்வி: தைராய்டு மாத்திரையும் போடுகிறேன். சேர்த்துப் போடலாமா?

பதில்: கூடாது. 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போடுங்கள்.

கேள்வி: மாத்திரைக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் போதுமா?

பதில்: கூழ் தாராளமாகக் குடிக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் முதல் சில வாரத்து எலும்புப் பசிக்கு அது காணாது.

கேள்வி: 5 மாதமாகிறது. கால்சியம் சரியாக இருக்கிறது, பி.டி.எச். மட்டும் இன்னும் அதிகம். நோய் திரும்பிவிட்டதா?

பதில்: கலங்காதீர்கள். கால்சியம் சரியாக இருக்கும்போது பி.டி.எச். கொஞ்சம் கூடி நிற்பது பலருக்கும் உண்டு. முதலில் வைட்டமின் டி எவ்வளவு என்று பாருங்கள், பல நேரம் காரணம் அங்கேதான். 6 மாதம் கடந்தும் ரத்தக் கால்சியம் சரியான அளவில் நின்றால் குணமானதாகக் கொள்வார்கள்.

கேள்வி: போன எலும்பு திரும்புமா?

பதில்: நிறையவே திரும்பும். முதுகெலும்பிலும் இடுப்பிலும் முதல் ஓரிரு வருடத்தில் அடர்த்தி நன்றாக ஏறும். முன்கை எலும்பு மெதுவாகத்தான் தேறும். இந்த நோய் அதிகம் அரிப்பதும் அந்த எலும்பைத்தான். அதனால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கும்போது முன்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தவரை முன்பு எடுத்த அதே மெஷினில் எடுங்கள், அப்போதுதான் இரண்டு அளவையும் ஒப்பிட முடியும்.