ஜாவானிய மொழியில் 'மெதுவாக', 'வேகமாக' என்றெல்லாம் எப்படிச் சொல்வது? தமிழின் 'ஆக' போல விகுதி உண்டா?

அப்படி ஒரு பொது விகுதி கிடையாது. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் சோலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே காதில் விழுந்து படிந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பண்பைச் சொல்லும் சொல்லை அப்படியே வினைக்குப் பின்னால் வைத்தால் போதும். ம்லாக்கு என்றால் நட. அலோன் என்றால் மெது. ம்லாக்கு அலோன்-அலோன் என்றால் மெதுவாக நடப்பது. இப்படி இரட்டிப்பது நமக்குப் பழக்கமான விஷயம்தானே, 'மெல்ல மெல்ல' மாதிரி. 'அலோன்-அலோன் வத்தோன் கெலக்கோன்' என்று அங்கே எல்லோர் வாயிலும் புழங்கும் பழமொழி ஒன்று இருக்கிறது. மெதுவாகப் போனாலும் காரியம் நடந்தால் சரி என்று பொருள். முதலில் இதை மனப்பாடம் செய்யுங்கள்.

அலோன் நம் 'மெதுவா' போலவே நடைக்கும் வரும், குரலுக்கும் வரும். அதற்கு எதிர்ச்சொல்லான பந்தேர் அப்படியே வேகத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் குறிக்கும். பைக் ஓட்டுபவரிடம் 'ஒஜோ பந்தேர்-பந்தேர்' என்றால் இவ்வளவு வேகம் வேண்டாம். பாட்டை அலற விடுபவரிடமும் அதையே சொல்லலாம். வெறும் சீக்கிரத்துக்குச் செப்பெத், கெலிஸ் இரண்டும் உண்டு. முடிந்த அளவு சீக்கிரம் என்பதற்குச் சக்செப்பெத்தே.

ஒருவரை இப்படிச் செய் என்று சொல்லும்போது நடுவில் 'சிங்' வரும். சினாவு சிங் ஸ்ரெகெப் என்றால் ஊக்கமாகப் படி. அம்மாக்கள் பிள்ளைகளிடம் நாள் முழுக்க இப்படித்தான் பேசுவார்கள்.

ஆனால் நடந்ததைச் சொல்லும்போது அவர்கள் வாக்கியத்தையே திருப்பிப் போடுவார்கள். 'அவர் வேகமாகப் பேசுகிறார்' என்பதற்கு 'அங்கோனே ஙோமோங் செப்பெத்' என்பார்கள். அவர் பேசுவது வேகம் என்ற அமைப்பு. எனக்கு இது பிடிபடவே ஆறு மாதம் ஆனது. அங்கோனே என்ற சொல் காதில் விழுந்தால், எப்படி என்ற விவரம் கடைசியில் வரப்போகிறது என்று காத்திருங்கள். (ஙோமோங் என்றால் பேசு. தமிழில் சொல்லின் முதலில் ங வருவது அரிச்சுவடியோடு நின்றுவிடுகிறது, அங்கே எத்தனையோ வினைகள் அதில்தான் தொடங்கும். த, ட வித்தியாசமும் நமக்குச் சுலபம். வெதி என்றால் பயம், வெடி என்றால் மணல்.)

அப்புறம் மரியாதை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் தங்கியிருந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். எல்லோருக்கும் அவர் ம்பாஹ். மழை பெய்து படி வழுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் இறங்கும்போது 'ம்லாக்கு அலோன்-அலோன், ம்பாஹ்' என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். அவருடைய மகள்தான் பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: பெரியவர்களிடம் 'திந்தாக்கிப்புன் அலோன்-அலோன் மாவோன், ம்பாஹ்' என்று சொல்ல வேண்டும். கவனித்தீர்களா, அலோன்-அலோன் மாறவில்லை, நடை என்ற சொல்தான் மாறியது. எல்லாச் சொல்லும் இப்படித் தப்பிவிடாது. நண்பனிடம் கெலிஸ் என்பது பெரியவரிடம் எங்கல் ஆகும். அத்தி-அத்தி (ஜாக்கிரதையாக) என்பது ஙத்தோஸ்-அத்தோஸ் ஆகும். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஜோடியாகவே எழுதி வையுங்கள். நண்பரிடம் பேசும் வடிவம் ஙோக்கோ, மரியாதை வடிவம் க்ரொமோ.

எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்தது 'மக்'. ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பக்கத்தில் இருந்த பையன் 'லம்புனே மாத்தி மக் பெத்!' என்றான். விளக்கு பட்டென்று அணைந்தது! யாரும் விளக்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. நாம் பட்டென்று, சட்டென்று, தொப்பென்று என்கிறோமே, அந்த 'என்று' செய்கிற வேலையை அவர்கள் மொழியில் முன்னால் நிற்கும் மக் செய்கிறது. தொப்பென்று விழுந்தால் மக் ப்ருக். விருட்டென்று ஓடினால் மக் ப்லென்சிங். நெஞ்சு திக்கென்றால் மக் த்ரத்தாப். தண்ணீர் ஜில்லென்று இறங்கினால் மக் ஞெஸ். பாடப்புத்தகத்தில் இவை பின்பக்கங்களில் ஒளிந்திருக்கும். தமிழ் பேசுகிறவர் முதல் மாதத்திலேயே இவற்றை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் காது ஏற்கெனவே தயாராக இருக்கிறது. தினம் ஒன்றைப் பிடித்து, அன்றைக்கே யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

மக் பெரும்பாலும் பேச்சுக்குத்தான். கடிதத்திலோ மேடையிலோ 'கண்ட்டி' என்ற சொல்தான் எடுபடும். அது நம் 'ஓடு' உருபு போல. கண்ட்டி சபார் என்றால் பொறுமையோடு.