டிடி-214 சான்றில் விடுபட்ட வியட்நாம் பணி

வணக்கம். அமெரிக்கத் தரைப்படையில் இருந்த உங்கள் மாமனார் 1968இல் வியட்நாமில் பணியாற்றியும், அவருடைய டிடி-214 சான்றில் (படையிலிருந்து விலகும்போது தரப்படும் பணிச் சான்று) அந்தப் பணியோ பதக்கமோ இல்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் வருந்தியது. முதலில் படைவீரர்களின் பணிக் கோப்புகளைக் காக்கும் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்துக்கு, ஆவணம் கோரும் எஸ்எஃப்-180 படிவத்தை அனுப்பி, அவருடைய முழுக் கோப்பின் நகலையும் கேளுங்கள். 1973இல் அந்த மையத்தில் ஏற்பட்ட தீயில் எரிந்த தரைப்படைக் கோப்புகள் 1960க்கு முன் விலகியோருடையவை என்பதால், அவருடைய கோப்பு இருக்கவே வாய்ப்பு அதிகம். அதிலுள்ள டிஏ-20 என்ற பணிப் பதிவு அட்டையில் அயல்நாட்டுப் பணிக்கென ஒரு கட்டம் உண்டு. அங்கே வியட்நாம் சென்ற, திரும்பிய தேதிகள் இருந்தால் அதுவே வலுவான சான்று. பழைய சான்றைத் திருத்தி எழுத மாட்டார்கள்; டிடி-215 என்ற திருத்த இணைப்பை வழங்குவார்கள். திருத்தம் தர மறுத்தால், டிடி-149 படிவத்தில் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்திடம் முறையிடுங்கள். பிழையை அறிந்த 3 ஆண்டுகளுக்குள் என்பது விதி என்றாலும், நீதியின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம். மூல ஆவணத்தை மட்டும் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள்.