அடுத்தவர் கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தை நான்கு வருடமாக வாசிக்கிறேன். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். 2022 கடைசியில் ட்விட்டர் கைமாறியபோது அதை விட்டு மஸ்டோடனுக்குப் போனேன். தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் சேர்ந்த சமூக வலைத்தளம் அது. நான் சேர்ந்தது ஜெர்மனியில் ஒருவர் நடத்தும் சின்ன சர்வர். விளம்பரம் இல்லை, ஒரே கம்பெனியின் பிடியில் இல்லை என்பதால் நிம்மதியாக இருந்தது. ஆனால் உக்ரைன், காஸா என்று பேச்சு எடுத்தாலே சண்டைதான். அங்கே பழக்கமான ஒருவர் பொதுவில் ஒன்று பேசிவிட்டு, தனிச்செய்தியில் எனக்கு வேறு மாதிரி எழுதியிருந்தார். அவருடைய இரட்டை வேடத்தைக் காட்ட அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் போட வேண்டியதாயிற்று (உங்கள் பார்வைக்கு இணைத்திருக்கிறேன்). சண்டை பெரிதாகி, எங்கள் சர்வரை நடத்தும் அட்மின் இன்னொரு சர்வரையே மொத்தமாகத் துண்டித்துவிட்டார். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் காணாமல் போனார்கள்.

என் கேள்வி இதுதான். நம் தகவல் எந்த நாட்டு சர்வரில் இருந்தால் பாதுகாப்பு? ஜெர்மனியா, ஸ்விட்சர்லாந்தா, இந்தியாவிலேயே ஒன்றா? அமெரிக்காவின் கண்ணிலிருந்து தப்ப வழி உண்டா? நம் மலைக்கு வர இ-பாஸ் கேட்பதும் இந்தக் கண்காணிப்பில் சேர்த்திதானே?

க., குன்னூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் கொளப்பள்ளியிலிருந்து கோத்தகிரிக்குத் திரும்பியிருந்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், நான் வளர்ந்த லைனில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த அத்தை இறந்துவிட்டார். கூடலூர் வழியாக மழையில் பஸ் பிடித்து வந்து, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு மெயிலைத் திறந்தால் நீங்கள். வேறு ஒரு நாளாக இருந்தால் நான்கு வரியில் பதில் போட்டிருப்பேன். அத்தையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நாடு. ஸ்விட்சர்லாந்து என்றால் பத்திரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே ஸூக் பகுதியில் கிரிப்டோ ஏஜி என்று ஒரு கம்பெனி இருந்தது. ரகசியச் செய்திகளைக் குறியீடாக மாற்றும் இயந்திரங்களை உலக அரசாங்கங்களுக்கு விற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின, இந்தியாவும் வாங்கியது. அந்தக் கம்பெனியையே 1970இல் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் சேர்ந்து ரகசியமாக வாங்கிவிட்டன. 2020 பிப்ரவரியில்தான் இது முழுதாக வெளியே வந்தது. காசு கொடுத்து வாங்கிய பூட்டுக்கு இன்னொரு சாவி விற்றவனிடமே இருந்திருக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டு நாடுகளும் இந்த ஒரு கதையிலேயே வந்துவிட்டன. அமெரிக்காவுக்கோ, தன் நாட்டுக் கம்பெனி வைத்திருக்கும் தகவல் எந்த நாட்டில் இருந்தாலும் கேட்டு வாங்க 2018இல் வந்த க்ளவுட் சட்டம் இருக்கிறது. உங்கள் அட்மின் ஜெர்மன்காரராகவே இருக்கட்டும், அவர் வாடகைக்கு எடுத்திருக்கும் இயந்திரம் அமெரிக்கக் கம்பெனியுடையது என்றால் அந்தச் சட்டம் அங்கேயும் எட்டும். இந்தியாவில் நம் தகவலை அரசு இடைமறித்துப் பார்க்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு போதும்.

நாடு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2024 பிப்ரவரியில், ஆப்கானிஸ்தானின் ஏ.எஃப். என்று முடியும் முகவரி வைத்திருந்த ஒரு மஸ்டோடன் சர்வரின் பெயரைத் தாலிபான் ஆட்சி முடக்கியது. அதில் இருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஆகவே பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். அட்மின் துண்டித்தது அவர் உரிமை. கைக்காசு போட்டு, தூக்கம் கெட்டு நடத்துகிறார். பிடிக்கவில்லை என்றால் பின்தொடர்பவர்களோடு வேறு சர்வருக்குப் போகலாம், பழைய பதிவுகள் மட்டும் கூட வராது. இ-பாஸ், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது. மலைக்கு எத்தனை வண்டி வருகிறது என்று தெரிய வேண்டியது அவசியம். அதில் கொடுக்கும் போன் நம்பரைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கவலையும் நியாயம். அதை வேறு ஒரு நாள் பேசலாம்.

இப்போது நான் பேச வேண்டியது உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்லைப் பற்றி. "போட வேண்டியதாயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு வேண்டியது, தம்பி? எந்த அரசாங்கமும் உங்களிடம் கேட்கவில்லை. எந்தப் போலீசும் கதவைத் தட்டவில்லை. ஒருவர் உங்களை நம்பி எழுதியதை, ஒரு சண்டையில் ஒரு படி மேலே நிற்பதற்காக நீங்களே எடுத்துப் போட்டீர்கள். போட்டுவிட்டு, என் தகவல் எந்த நாட்டில் பத்திரம் என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவருடைய தகவல் உங்கள் கையில்தானே இருந்தது?

நீங்கள் இணைத்த படத்தைத் தெரியாமல் திறந்துவிட்டேன். முதல் வரியிலேயே அது உங்களுக்கு மட்டும் எழுதியது என்று புரிந்தது. மூடினேன், மெயிலிலிருந்தும் அழித்துவிட்டேன். அவர் யார் என்று தெரியும்படி உங்கள் கடிதத்தில் இருந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டுத்தான் இங்கே போட்டிருக்கிறேன்.

இரட்டை வேடம் என்கிறீர்கள். பொதுவில் உறுதியாகப் பேசுகிற ஒருவர் தனியே உங்களிடம் தயங்குகிறார் என்றால், அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எல்லா மனிதரும் அப்படித்தான் யோசிக்கிறோம். திண்ணையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. அடுப்படிப் பேச்சுக்கு இடமே இல்லாமல் போனால் ஒருவரும் தன் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார். அதோடு, இந்த மாதிரிப் பேச்சு இன்றைக்கு எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியாதா? அமெரிக்க விசா விண்ணப்பத்தில் 2019 முதல் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 ஜூனில், மாணவர் விசா கேட்பவர்கள் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். போர் பற்றி ஒருவர் தயங்கித் தயங்கி எழுதிய வரியை, அவர் பெயரோடு நீங்கள் உலகத்துக்குக் காட்டியிருக்கிறீர்கள்.

நீங்கள் மஸ்டோடனில் இத்தனை வருடம் இருந்தும், அதில் தனிச்செய்தி எப்படிப் போகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை. அங்கே தனிச்செய்தி என்று வேறாக ஒன்று கிடையாது. அதுவும் ஒரு பதிவுதான். குறிப்பிட்ட பெயர்களுக்கு மட்டும் காட்டு என்ற குறிப்போடு ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகிறது. வாட்ஸாப், சிக்னலில் இருக்கிற மாதிரி இரு முனைக்கும் நடுவே பூட்டு இல்லை. உங்கள் அட்மின் நினைத்தால் படிக்கலாம், அவருடைய அட்மினும் படிக்கலாம். தனிச்செய்திக்குள் மூன்றாவது ஆளின் கணக்குப் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால், அந்த ஆளுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். நீங்கள் ஒன்றை அழித்தால், மற்ற சர்வர்களுக்கு "இதை அழித்துவிடு" என்று ஒரு வேண்டுகோள்தான் போகும். கேட்கிற சர்வர் கேட்கும். 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒரு மஸ்டோடன் சர்வரின் அட்மின் வீட்டை வேறு ஏதோ வழக்குக்காக எஃப்.பி.ஐ. சோதனை போட்டபோது, சர்வரில் இருந்தவற்றின் பூட்டு இல்லாத நகல் (பேக்கப்) ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. வழக்கோடு சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கானவர்களின் தனிச்செய்திகளும் அதோடு போயின.

ஆக, அது மூடிய கவர் அல்ல, போஸ்ட் கார்டு. எங்கள் காலத்து 15 காசு கார்டு. தபால்காரர் படிக்கலாம், சப் போஸ்ட் ஆபீசில் முத்திரை குத்துபவர் படிக்கலாம். ஆனாலும் ஜனங்கள் அதில் கடன் பற்றி எழுதினார்கள், பெண் கேட்டு எழுதினார்கள், வியாதி பற்றி எழுதினார்கள். கொளப்பள்ளியில் எங்களுக்கு வந்த தபால்காரருக்கு மூன்று லைன் வீட்டுச் சங்கதியும் தெரியும். ஒருநாளும் டீக்கடையில் வாய் திறந்ததில்லை. அந்த ஒரு மனிதரின் வாயை நம்பித்தான் அத்தனை கார்டும் போய் வந்தன.

இனி அத்தை.

1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வேலைக்குப் போய்த் தங்கிய இந்திய வம்சாவளியினர் உள்ளிட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நீங்கள் உக்ரைன், காஸா என்று சண்டை போடும் உலக அரசியல் எங்களுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அத்தைக்கு இந்தியா, அவருடைய தம்பிக்கு இலங்கை. 1979இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரிக்கு அரசு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களில் அவரும் உண்டு, ஏழு வயதில் நானும் உண்டு.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஹட்டன் பக்கத்திலிருந்து தம்பியின் நீல ஏரோகிராம் வந்தால் எடுத்துக்கொண்டு எங்கள் வாசற்படிக்கு வருவார். கொழுந்துக் கறை படிந்த விரலால் ஓரத்தைக் கிழித்து, "படி கண்ணு" என்று நீட்டுவார். நான் படிப்பேன். "இன்னொருக்கா" என்பார். பதிலும் நான்தான் எழுதுவேன். கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். எழுத்து தெரியாதவர், ஆனால் மழையில் நனைந்தது எது, மூலை மடிந்தது எது என்று பார்த்து, கேட்ட கடிதத்தைச் சரியாக எடுத்துக் கொடுப்பார்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன்பிறகு எங்களைப் பார்க்கிற பார்வை மாறியது. சிலோன்காரன் எல்லாம் ஒன்றுதான் என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். ஜூன் மாதம் ரேஷன் கடை வரிசையில் அப்படி ஒரு பேச்சு. எனக்கு 19 வயது, ஊட்டியில் கல்லூரி. விடுவேனா? வடக்கு வேறு, மலையகம் வேறு என்றேன். 1977இலும் 1983இலும் மலையகத்துக்காரர்களும் அடிபட்டு வவுனியா பக்கம் ஓடினார்கள் என்றேன். நம்பாமல் பேசினார்கள். நிரூபிக்க என்னிடம் ஒரு வரி இருந்தது, அத்தையின் தம்பி எழுதிய வரி. அவருடைய மகன் ஒருவனைப் பற்றியது. சொன்னேன். வரிசை வாயடைத்துப் போனது. நான் ஜெயித்தேன்.

என் வாதம் நியாயமானது, தம்பி. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த வரி என்னுடையது இல்லை. அது என்ன வரி என்று இப்போதும் எழுத மாட்டேன்.

பத்து நாள் கழித்து ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். அத்தையைக் கூட்டிப் போய் இருட்டும் வரை உட்கார வைத்துக் கேட்டுவிட்டு அனுப்பினார்கள். பிஸ்கட் டின்னை எடுத்துப் போனார்கள். அது திரும்பி வரவேயில்லை. அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஏரோகிராம் வந்த அன்று நான் வாசலில் நின்றிருந்தேன். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார். பந்தலூர் பஜாருக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு தையல் கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்டார், டீ போட்டார், என் கல்யாணத்துக்கு முன்னால் நின்றார். ஒரு கடிதம் கூட என் கையில் கொடுக்கவில்லை.

போன வாரம் அவர் மகள் ஒரு துணிப்பையை எடுத்து வந்தாள். 1991க்குப் பிறகு வந்த கடிதங்கள். "இதை என்ன செய்ய அக்கா, நீங்களே வச்சுக்கிறீங்களா?" என்றாள். நான் தொடவில்லை. இதை எழுதிய உன் மாமா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், அவரைக் கேட்டு முடிவு பண்ணு என்றேன். இதை இங்கே எழுதுவதற்கும் அவளிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதைப் பகிர்ந்தவர்களின் அட்மின்களுக்கும் ஒவ்வொருவராக எழுதி எடுக்கச் சொல்லுங்கள், பாதிப்பேராவது கேட்பார்கள். பிறகு அவரைப் போனில் கூப்பிடுங்கள். நம்பர் இல்லை என்றால் வாங்குங்கள். உக்ரைனையும் காஸாவையும் எடுக்காதீர்கள், அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா