போர் மோட்டாரிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கேம்பஸுக்கு வருவது பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிகள்தான். எனக்குக் கோர் வேலைக்கு, அதாவது படித்த துறையிலேயே வேலைக்குப் போக ஆசை. ஆனால் ஹூண்டாய், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் என்று ஐந்தாறு பெயர்தான் தெரியும். அப்பா விவசாயி, விசாரிக்க ஆள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நீங்கள் சொன்ன பெயர்கள் வண்டியாக நம் தெருவுக்கு வருகின்றன, அதனால் தெரிகின்றன. அந்த வண்டிக்கு நட்டும் கியரும் செய்து தருகிறவர்களை யாருக்குத் தெரியும்?

உங்கள் தோட்டத்தில் போர் மோட்டார் இருக்கும் அல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம். வார்ப்பு ஒரு ஃபவுண்டரியில், ஷாஃப்ட் கடைசல் ஒரு லேத் பட்டறையில், ஸ்டாம்பிங் இன்னொரு இடத்தில். வைண்டிங் ஒயர், கேபிள், பேனல் போர்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பெனி இருக்கலாம். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று கோவை முழுக்க இந்த வேலை சிதறிக் கிடக்கிறது. உங்களுக்கு இரண்டு மணி நேரப் பஸ்.

கம்பெனி பெயரைவிட அங்கே என்ன வேலை என்பதுதான் முக்கியம். குவாலிட்டியில் இருப்பவர் நாள் முழுக்க மைக்ரோமீட்டரோடும் ரிப்போர்ட்டோடும் இருப்பார். சர்வீஸ்காரர் வெயிலில் ஊர் ஊராகப் போவார். இரண்டு பேரும் படித்தது ஒரே பி.இ.தான். நான் இதையெல்லாம் கேட்காமல், கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்து ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஏழு மாதம் எக்செல்லில் ஸ்டாக் கணக்குதான். விடலாம் என்றால், இடையில் விலக மாட்டேன் என்று எழுதிக்கொடுத்த பாண்டுக்காக ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்திருந்தார்கள். அதை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கோவை கொடிசியாவில் இன்டெக் என்று இயந்திரக் கண்காட்சி நடக்கும். சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆக்மி, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காரர்கள் நடத்துவது. பை நிறைய பிரவுச்சர் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் குறையும். அப்போது மெஷின் பக்கத்தில், விரலிடுக்கில் கூலன்ட் கறையோடு ஒருவர் நிற்பார். அவரிடம் போய், "அண்ணா, காலையில் ஷாப் ஃப்ளோருக்குப் போனதும் முதலில் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். வேலை கேட்டால் ஹெச்.ஆர். நம்பர் தருவார். வேலையைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

அப்புறம் அப்ரண்டிஸ். ஐ.டி.ஐ. பையன்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை. 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் டிகிரி முடித்தவர்களுக்கும் ஓராண்டுப் பயிற்சி உண்டு, உதவித்தொகையும் உண்டு. அதற்கு நாட்ஸ் (NATS) என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஆண்டு முடிந்ததும் அதே கம்பெனி வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஐ.டி. ஆஃபர் வந்தால் வாங்கி வையுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சரி, இதைப் படித்துவிட்டு மோட்டாரை மேலே இழுத்துவிடாதீர்கள், அப்பா என்னைத் திட்டுவார். பேனல் போர்டைத் திறந்தாலே நாலைந்து கம்பெனிப் பெயர் கிடைக்கும். மெயினை ஆஃப் செய்துவிட்டுத் திறங்கள்.